படத்தைக் காணும் பிறிதொரு கண்

நுழையும்முன்

ஓர் ஆக்கத்தின் நிறையையும் குறையையும் ஆராய்ந்து எடுத்துரைப்பது திறனாய்வு. கவிதைக்கும் கதைக்கும் உள்ளதுபோலவே ஒளிப்படக் கலைக்கும் அத்தகைய மரபு உண்டு. கைப்பேசியுள்ள எல்லாரும் படமெடுக்கும் இக்காலத்தில், ஒரு படத்தைப் பற்றி உண்மை பேசுவது எவ்வாறு, அவ்வுண்மையைக் கேட்டுக்கொள்வது எவ்வாறு என்பதை ஒளிப்பட வரலாற்றின் சில நிகழ்வுகள் வாயிலாக இப்பாடம் விளக்குகிறது.

ஓர் ஒளிப்படத்தை இருவர் பார்க்கின்றனர். ஒருவர் அதை எடுத்தவர், மற்றவர் எடுக்காதவர். இருவர் முன்னும் இருப்பது ஒரே தாள்தான். ஆயினும் இருவரும் காண்பது ஒன்றன்று. எடுத்தவருக்கு, விடியுமுன் எழுந்து குன்றேறியதும், பனி விலகும்வரை காத்திருந்ததும், விரல்கள் குளிரில் மரத்துப்போனதும் படத்தோடு சேர்ந்தே தோன்றுகின்றன. மற்றவருக்கோ நான்கு ஓரங்களுக்குள் அடங்கிய ஒளியும் நிழலும் மட்டுமே தெரிகின்றன. பட்ட பாடு படத்தில் பதிவதில்லை. எடுத்தவர் ‘அரிய படம்’ என எண்ணுவதும், பார்ப்பவர் ‘சாதாரணப் படம்’ என எண்ணுவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன. இருவருள் எவரும் பொய் சொல்லவில்லை.

இவ்விடைவெளி எல்லாக் கலைக்கும் பொதுவே என்றாலும் ஒளிப்படத்தில் அது சற்று அகன்றிருக்கிறது. ஒரு கவிஞர் எழுதாத சொல் அவர் கவிதைக்குள் தானாக வந்து நிற்பதில்லை. ஓவியர் தீட்டாத மரம் அவர் ஓவியத்தில் முளைப்பதில்லை. படக்கருவியோ, எடுப்பவர் கவனித்ததையும் கவனிக்காததையும் ஒருசேரப் பதிவுசெய்துவிடுகிறது. முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தவர், அத்தலைக்குப் பின்னால் நின்ற மின்கம்பத்தைக் காண்பதில்லை. படத்தில் அது தலையிலிருந்தே முளைத்ததுபோல் நிற்கிறது. வீட்டிற்கு வந்து பார்க்கும்போதும் அவர் கண் பழகிய வழியிலேயே முகத்திற்குச் சென்றுவிடும். கம்பம் இருப்பதைச் சொல்வதற்குப் பிறிதொரு கண் வேண்டும்.

அவையும் அஞ்சல்பெட்டியும்

தமிழில் ஒரு நூல் அரங்கேற வேண்டுமாயின் அது அறிஞர் அவையில் படிக்கப்பெற்று, எழும் ஐயங்களுக்கு விடை கூறப்பெற வேண்டும் என்பது பழைய மரபு. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என அதன் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. ஆக்கியோனை அடுத்து ஒரு கேட்போன் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் நம் மொழிக்குப் புதிதன்று.

ஒளிப்படம் என்னும் கலை 1839ஆம் ஆண்டில்தான் உலகறிய வெளிப்பட்டது. அதற்கென ஓர் அவையும் விரைவிலேயே தேவைப்பட்டது. லண்டனில் 1853ஆம் ஆண்டில் ஒளிப்படச் சங்கம் தோன்றியது. சென்னையிலும் அதே பத்தாண்டுக்குள் ஒரு சங்கம் தோன்றி, இன்றளவும் இயங்கிவருகிறது. வேதிப்பொருள்களைப் பற்றிய ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளவே தொடக்கத்தில் பலர் இச்சங்கங்களுக்கு வந்தனர். நாளடைவில், உறுப்பினர்கள் தம் படங்களைச் சுவரில் மாட்டி, மற்றவர் கருத்தைக் கேட்பது அவற்றின் முதன்மையான பணிகளுள் ஒன்றாயிற்று.

பிரிட்டனில் இதனினும் சுவையான ஒரு வழக்கம் உருவானது. தொலைவூர்களில் வாழ்ந்த ஒளிப்பட ஆர்வலர்கள் சிறு வட்டங்களாகச் சேர்ந்து, ஒரு பெட்டியை அஞ்சலில் சுற்றுக்கு விட்டனர். பெட்டி ஒருவர் வீட்டை அடையும்போது அதில் ஏனையோர் படங்கள் இருக்கும். அவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, அதனுடன் உள்ள தாளில் தம் கருத்தை எழுதுவார். சென்ற சுற்றில் தாம் வைத்த படத்தையும் அதற்கு மற்றவர்கள் எழுதியவற்றையும் எடுத்துக்கொண்டு, புதிய படம் ஒன்றை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார். இம்முறையில் இரண்டு நன்மைகள் தாமாகவே அமைந்தன. எழுதுபவர் படத்தைத் தம் மேசைமேல் நாள்கணக்கில் வைத்துப் பார்த்த பின்னரே பேனாவை எடுத்தார். படிப்பவரோ தனியே அமர்ந்து படித்தார். நாலு பேர் முன்னிலையில் முகம் சிவக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. உடனே மறுமொழி சொல்லவும் வழியில்லை. அஞ்சலின் தாமதம் இருபக்கத்தாருக்கும் பொறுமையைக் கற்பித்தது எனலாம்.

புல்லும் நீரும் மரப்பட்டையும்

ஒரு நேர்மையான விமரிசனம் ஒரு கலைஞரின் போக்கை எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு ஒளிப்பட வரலாற்றில் பால் ஸ்ட்ராண்டின் வாழ்க்கை தெளிவான சான்றாகும்.

ஸ்ட்ராண்ட் 1890ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். பள்ளியில் அவருக்கு ஒளிப்படக் கலையைக் கற்பித்தவர் லூயிஸ் ஹைன். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவர்களைப் படமெடுத்து, சிறார் உழைப்புக்கு எதிரான இயக்கத்திற்கு வலுச்சேர்த்தவர் என்று பிற்காலத்தில் உலகம் போற்றிய அதே ஹைன்தான். அவர் 1907ஆம் ஆண்டில் தம் மாணவர்களை நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் 291ஆம் எண் கட்டடத்திலிருந்த ஒரு சிறிய காட்சிக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். அதை நடத்திவந்தவர் ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ். ஒளிப்படத்தை ஓவியத்துக்கு நிகரான கலையாக ஏற்கச் செய்யவேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர் அவர். அதற்காகக் ‘கேமரா ஒர்க்’ என்னும் இதழையும் 1903 முதல் நடத்திவந்தார். அன்று அக்கூடத்தில் கண்ட படங்கள் பதினேழு வயது ஸ்ட்ராண்டைக் கட்டிப்போட்டன. ஒளிப்படக்காரராவது என்று அவர் முடிவுசெய்துகொண்டார்.

அக்காலத்தில் கலைநயம் மிக்க படம் என்றால் மென்மையான மங்கல் படிந்த படம் என்றே பொருள். இதற்கெனவே செய்த வில்லைகளைக் கருவியில் பொருத்தி, பனித்திரைக்குப் பின்னால் தெரிவதுபோல் மரங்களையும் மனிதர்களையும் படமெடுத்தனர். ஸ்ட்ராண்டும் அவ்வாறே எடுத்தார். எடுத்த படங்களை அவ்வப்போது ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுசென்று காட்டினார்.

ஸ்டீக்லிட்ஸ் ‘நன்று’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ‘நன்றன்று’ என்றும் சொல்லி நிறுத்தவில்லை. இந்த வில்லை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். படத்தில் புல் நீர்போலத் தெரிகிறது. நீர் மரத்தின் பட்டைபோலத் தெரிகிறது. ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் அதன் தனித்தன்மை அழிந்துபோகிறது என்றார். வில்லையின் துளையைச் சுருக்கி எடுத்துப் பார்க்குமாறும் வழி கூறினார். பல்லாண்டுகள் கடந்தும் ஸ்ட்ராண்ட் இச்சொற்களை மறக்காமல் நினைவுகூர்ந்தார்.

இவ்விமரிசனத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். இதில் ஸ்ட்ராண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திறமை உண்டு என்றோ இல்லை என்றோ கூறவில்லை. புல், நீர், மரப்பட்டை எனப் படத்தில் உள்ளவற்றையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அடுத்து, அக்குறை எதனால் விளைந்தது என்ற காரணத்தைக் கூறுகிறது. இறுதியாக, மறுநாள் காலையே செய்துபார்க்கத்தக்க ஒரு செயலைச் சொல்கிறது. கேட்டவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம்; ஆனால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல இடமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மங்கற்படங்களை அமெரிக்காவில் உயர்த்திப் பிடித்தவர்களுள் தலையாயவர் ஸ்டீக்லிட்ஸ்தான். அவருடைய இதழும் கூடமும் அத்தகைய படங்களாலேயே புகழ்பெற்றிருந்தன. தாம் வளர்த்த நடைமுறையின் குறையைத் தாமே ஓர் இளைஞனிடம் எடுத்துரைப்பது எளிதன்று. வந்தவனைப் பாராட்டி அனுப்பியிருந்தால் அவருக்கு ஓர் அடியவர் கிடைத்திருப்பார்.

தெரிந்து தெளிவோம்

ஒளிப்படக் கருவியின் வில்லைக்குள் சுருங்கி விரியும் துளை ஒன்று உண்டு. துளை அகன்றிருந்தால், எந்தத் தொலைவில் குவியம் வைக்கப்பட்டதோ அத்தொலைவிலுள்ள பொருள் மட்டும் தெளிவாகவும், முன்னும் பின்னும் உள்ளவை மங்கலாகவும் பதியும். துளையைச் சுருக்கச் சுருக்க, அருகிலுள்ளவையும் தொலைவிலுள்ளவையும் தெளிவு பெறும். ஒளி குறைவாகப் புகுவதால் கூடுதல் நேரம் திறந்துவைக்க வேண்டியிருக்கும். துளையின் அளவைக் குறிக்கும் எண் பெரிதாக ஆக, துளை சிறிதாகும். மங்கற்படங்களை மறுத்துத் தெளிவான படங்களை ஆதரித்த கலிபோர்னியா ஒளிப்படக் கலைஞர்கள் சிலர் 1932ஆம் ஆண்டில் ஒரு குழுவாகச் சேர்ந்தபோது, மிகச் சிறிய துளையைக் குறிக்கும் ‘எஃப் 64’ என்பதையே தம் குழுவுக்குப் பெயராகச் சூட்டினர்.

கேட்டதை உடனே செய்துமுடித்துப் பாராட்டுப் பெற்றார் என்று கதை செல்லவில்லை. இடையில் ஆண்டுகள் பல உருண்டன. ஸ்ட்ராண்ட் பிழைப்புக்காக வணிகப் படங்கள் எடுத்தார். ஸ்டீக்லிட்ஸின் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட பிக்காசோ முதலிய ஓவியர்களின் புதுமைகளைப் பார்த்தார்.  1915ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு கட்டுப் படங்களுடன் 291ஆம் எண் கட்டடத்தின் படியேறினார். வால் தெருவில் எடுத்த படம் அவ்வாண்டைச் சேர்ந்தது. மார்கன் வங்கிக் கட்டடத்தின் சுவரில் ஆளுயரத்தைவிடப் பன்மடங்கு பெரிய கரிய சாளரக் குழிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழே, காலை வெயிலில் நீண்ட நிழல்களை இழுத்துக்கொண்டு சிற்றுருவங்களாக மனிதர்கள் பணிக்கு விரைகிறார்கள். சுவர் சுவராகவும், மனிதர் மனிதராகவும் இருக்கின்றனர்.

ஸ்டீக்லிட்ஸ் 1916ஆம் ஆண்டில் ஸ்ட்ராண்டின் படங்களைத் தம் கூடத்தில் காட்சிக்கு வைத்தார். 1917 ஜூனில் வெளிவந்த ‘கேமரா ஒர்க்’கின் கடைசி இதழை முழுதும் அவருடைய படங்களுக்கே ஒதுக்கினார். சந்தாதாரர் எண்ணிக்கை நாற்பதைக்கூட எட்டாத நிலையில் இதழ் நின்றது என்பர். ஆனால் அந்தக் கடைசி இதழிலிருந்தே நவீன ஒளிப்படக் கலையின் வரலாற்றைத் தொடங்கும் ஆய்வாளர்கள் உள்ளனர். இவ்விருவரின் நட்பு 1930களின் தொடக்கத்தில் முறிந்தது. கற்ற பாடம் முறியவில்லை. ஸ்ட்ராண்ட் 1976ஆம் ஆண்டில் மறையும்வரை பொருள்களின் தனித்தன்மையைக் காட்டும் தெளிவான படங்களையே எடுத்துவந்தார்.

சொல்லும் முறை

மானாமதுரைக் குயவர் ஒருவர் சக்கரத்தில் பானை வனைவதை ஒரு மாணவி படமெடுத்ததாகக் கொள்வோம். ஈர மண்ணின்மேல் காலை வெயில் பட்டு மின்னுகிறது. குயவரின் கைகள் பானையின் கழுத்தைப் பற்றியிருக்கின்றன. படத்தின் இடப்பக்க மூலையில் நீலநிற நெகிழி வாளி ஒன்று இருக்கிறது. மாணவி படத்தை மூவரிடம் காட்டுகிறார்.

முதலாமவர், ‘மிக அருமை!’ என்கிறார். மாணவிக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எது அருமை என்று அவருக்குத் தெரியாததால் அதை மீண்டும் செய்யவும் தெரியாது. இரண்டாமவர், ‘படம் ஏனோ சரியாக வரவில்லை’ என்கிறார். மாணவிக்கு வருத்தம், கற்றுக்கொள்ள ஏதுமில்லை. பாராட்டும் பழிப்புமாக இவை எதிரெதிர் நின்றாலும், உண்மையில் இரண்டும் ஓரினம். இரண்டுமே படத்தைப் பார்க்காமலும் சொல்லத்தக்கவை.

மூன்றாமவர் சிறிது நேரம் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். ‘முதலில் என் கண் கைகளுக்குத்தான் சென்றது. விரல்களுக்கிடையே மண் வழிவது தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து வெயில் விழும்போது எடுத்ததால்தான் அது தெரிகிறது. ஆனால் உடனே என் கண் மூலையிலிருக்கும் வாளிக்கு இழுபட்டுவிட்டது. படம் முழுவதும் மண்ணின் நிறமாயிருக்க, அந்த நீலம் மட்டும் தனித்துக் கூவுகிறது. ஓரடி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் வாளி சக்கரத்துக்குப் பின்னே மறைந்திருக்கும்.’

இவர் தீர்ப்புக் கூறவில்லை. தம் கண் சென்ற வழியைக் கூறினார். அவ்வழி உண்மையா என்பதை மாணவி உடனே சோதித்துப் பார்க்கலாம். நிறையைச் சொன்னதும் குறையைச் சொல்வதற்கு முன் வைத்த இனிப்பு அன்று. பக்க வெயிலால் விளைந்த நன்மையை மாணவி அறிந்தே செய்தாரா, தற்செயலாக அமைந்ததா என்பது எவருக்கும் தெரியாது. எதுவாயினும், காரணம் சொல்லப்பட்டபின் அது அவருடைய கைப்பொருளாகிவிடுகிறது. நிறையைக் காரணத்தோடு சொல்வது குறையைக் காரணத்தோடு சொல்வதைவிடக் கடினம் என்பதைப் படங்களைப் பற்றிப் பேசப் பழகியவர் அறிவர்.

படத்தில் உள்ள பொருளின்மேல் நமக்குள்ள விருப்பும் வெறுப்பும் படத்தைப் பற்றிய கருத்தாக மாறிவிடுவது இத்துறையின் பெரிய இடர். குழந்தையின் சிரிப்பும் அந்திவானமும் எளிதில் பாராட்டுப் பெறுவது இதனால்தான். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் பிறர் படங்களைப் பார்க்கும்போது தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். தலைகீழாக்கியதும் குழந்தை குழந்தையாகத் தெரிவதில்லை. கோடுகளும் வெளிச்சமும் இருளும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பதே தெரிகிறது. எவரும் தம் வீட்டுப் படங்களில் இதைச் செய்துபார்க்கலாம்.

பிறர் நூல்களில் பிழை காணுந்தோறும் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டார் சாத்தனார் என்றும், அதனால் தலை புண்ணாகிச் ‘சீழ்த்தலை’ ஆயிற்று என்றும் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. சீத்தலை என்பது ஊர்ப்பெயரே என ஆய்வாளர் கூறுவர். எனினும் அக்கதையைப் புனைந்தவர் விமரிசகரை நன்கு அறிந்தவராகவே இருக்க வேண்டும். பிழை காண்பவர் பெரும்பாலும் அடுத்தவர் தலையையே குத்துவர். சாத்தனார் தம் தலையைக் குத்திக்கொண்டார். நேர்மையாகச் சொல்வதில் சொல்பவருக்கும் சிறிது வலி உண்டு. நட்புக் குறையலாம், தம் படத்திற்கு அவர் நாளை என்ன சொல்வாரோ என்ற அச்சமும் இருக்கலாம். பெரும்பாலான ‘மிக அருமை’கள் அவ்வச்சத்தின் பிள்ளைகளே.

கேட்கும் முறை

குறை கேட்டவுடன் வாய் தானாகவே விளக்கம் சொல்லத் தொடங்கும். ‘அங்கே நிற்க இடமில்லை’, ‘வெளிச்சம் போய்விட்டது’, ‘வாளியை நகர்த்தச் சொல்லத் தயக்கமாக இருந்தது’ என்பனவெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை படத்துக்கு வெளியே உள்ள உண்மைகள். படம் செல்லும் இடமெல்லாம் எடுத்தவர் உடன்சென்று விளக்கம் கூற இயலாது. எனவே கருத்துக் கூறும் கூட்டங்களில், எல்லாரும் பேசி முடிக்கும்வரை படத்துக்குரியவர் பேசாதிருக்க வேண்டும் என்று சிலர் விதி வகுத்துக்கொள்வதுண்டு. கடினமான விதிதான். ஆயினும் தம் படம் தமது துணையின்றி என்ன பேசுகிறது என்பதை ஒருவர் கேட்க வேறு வழியில்லை.

குறை கேட்பது தொடக்க நிலையினருக்கே கடினம் என எண்ணுவது பிழை. பரிசு பெற்றவர்க்கே அது மேலும் கடினம். எட்வர்ட் வெஸ்டன் கலிபோர்னியாவில் மங்கற்படங்களால் போட்டிகள் பலவற்றில் பரிசு பெற்று, நாடறிந்த ஒளிப்படக் கலைஞராக இருந்தவர். அவர் 1922ஆம் ஆண்டில் நியூயார்க் சென்று ஸ்டீக்லிட்ஸைக் கண்டு தம் படங்களைக் காட்டினார். ஓகையோ மாநிலத்தில் ஓர் எஃகு ஆலையின் புகைபோக்கிகளை அப்போதுதான் கூர்மையான தெளிவுடன் எடுத்திருந்தார். அவருடைய பாதை ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருந்தது. ஸ்டீக்லிட்ஸ் படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பழைய நடையின் எச்சங்களைத் தயங்காது சுட்டினார். வெஸ்டன் திரும்பிச் சென்று அச்சந்திப்பைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதினார். அச்சந்திப்புத் தம்மை மாற்றிவிடவில்லை, தம்மிடம் முன்பே இருந்ததைத் தீவிரமாக்கியது என்பது அவர் கருத்து. பிறர் சொல்லைக் கேட்பது என்பது பிறர் வழியில் செல்வதாகிவிடாது என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் இல்லை.

அளவுகோல் பிழையானால்

விமரிசனம் நேர்மையாக இருந்தும் பிழையாக இருக்க முடியும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் பிராங்க், 1955ஆம் ஆண்டில் கிடைத்த கக்கன்ஹைம் நல்கையின் துணையால் பழைய மகிழுந்து ஒன்றில் அமெரிக்காவைச் சுற்றிவந்து, ஏறத்தாழ 28,000 படங்கள் எடுத்தார். அவற்றுள் 83 படங்களைத் தேர்ந்து ‘அமெரிக்கர்கள்’ என்னும் நூலாக்கினார். அது முதலில் 1958ஆம் ஆண்டில் பாரிசில் வெளிவந்தது. அதன்பின்னரே அமெரிக்கப் பதிப்பு வந்தது.

அமெரிக்காவின் பெயர்பெற்ற ஒளிப்பட இதழ் ஒன்று 1960ஆம் ஆண்டில் அந்நூலைக் கடுமையாகச் சாடியது. பொருளற்ற மங்கல், படச்சுருளின் துகள்கள் துருத்தும் பரப்பு, கலங்கிய ஒளியளவு, குடித்தவர் கண்ணுக்குத் தெரிவதுபோல் சாய்ந்த தொடுவானம் என்று அது குறைகளை அடுக்கியது. இவற்றுள் ஒன்றுகூடப் பொய்யன்று. பிராங்கின் படங்களில் துகள்கள் தெரிகின்றன, தொடுவானம் சாய்ந்திருக்கிறது. மூன்றாமவர் குயவர் படத்தில் நீல வாளியைக் கண்டதுபோல, இவ்விமரிசகரும் படத்தில் உள்ளவற்றையே கண்டார். பிறகு பிழை எங்கே?

ஹாலிவுட்டில் ஒரு திரைப்பட முதற்காட்சியின்போது பிராங்க் எடுத்த படத்தைப் பார்ப்போம். முன்னே நடிகை ஒருவர் நடந்துசெல்கிறார். அவர் முகம் மங்கலாயிருக்கிறது. அவருக்குப் பின்னால், கயிற்றுக்கு அப்பால் நின்று அவரைக் காண ஏங்கும் எளிய பெண்களின் முகங்கள் தெளிவாயிருக்கின்றன. பாடநூல் விதிப்படி குவியம் தவறிய படம் இது. ஆனால் புகழுக்குரியவரை மங்கலாக்கி, புகழைப் பார்த்து நிற்பவர்களைத் தெளிவாக்கியதே அப்படத்தின் பொருள். நியூ ஆர்லியன்ஸ் டிராம் வண்டியின் சாளரங்களில் வெள்ளையர் முன்னும் கறுப்பர் பின்னுமாக அமர்ந்திருக்கும் படத்தை அவர் 1955 நவம்பரில் எடுத்தார். அடுத்த மாதம் முதல் நாளில்தான் மாண்ட்கமரி நகரப் பேருந்தில் எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். தன்னைப் பற்றி இனிய படங்களையே பார்க்கப் பழகியிருந்த ஒரு நாட்டுக்கு இந்நூல் கசந்தது. அக்கசப்பின் ஒரு பகுதியைத் துகள், சாய்வு என்னும் தொழில்நுட்பச் சொற்களில் கூறுவது எளிதாயிருந்தது.

விமரிசகர் தம் அளவுகோலை எடுக்குமுன், இப்படம் எதைச் செய்ய முயல்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். ஸ்டீக்லிட்ஸ் ஸ்ட்ராண்டிடம் மங்கலைக் குறையென்றார். பிராங்கின் நடிகை படத்தில் மங்கல் நிறை. ஒன்றில் அது எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. மற்றொன்றில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தது. மங்கல் என்பது குறையா, நிறையா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. தொடக்கத்தில் சரிவர விற்காத அந்நூல், 2009ஆம் ஆண்டில் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் முழுதும் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இதனினும் மோசமான பிழை, படத்தை விட்டு ஆளைத் தாக்குவது. எஃப் 64 குழுவினரான ஆன்சல் ஆடம்ஸ், படங்களில் தூரிகையும் கீறலும் சேர்த்துப் புனைவுக் காட்சிகளைப் படைத்த வில்லியம் மார்ட்டென்சனைக் கிறித்துவின் பகைவன் என்னும் பொருள்படும் சொல்லால் சாடினார். 1930களில் இதழ்களில் நிகழ்ந்த அவ்விவாதம் தொடங்கியது ஒளிப்படம் எத்தகைய கலை என்னும் நல்ல கேள்வியில்தான். முடிந்தது வேறுவிதம். ஆடம்ஸின் நண்பர் போமன்ட் நியூஹால் எழுதிய ஒளிப்பட வரலாற்று நூலில் மார்ட்டென்சனின் பெயர் இடம்பெறவே இல்லை. மாணவர் பலருக்கு ஆசிரியராக விளங்கிய ஒருவர், பல பத்தாண்டுகள் கழித்தே மீண்டும் பேசப்பட்டார்.

அவையில் இல்லாதவர்

எடுத்தவர், பார்ப்பவர் என இருவரைப் பற்றியே இதுவரை பேசப்பட்டது. பல படங்களில் மூன்றாமவர் ஒருவரும் உண்டு: படத்தில் இருப்பவர். குயவரின் கைகளைப் பற்றியும் வாளியைப் பற்றியும் மூவர் பேசுகையில் குயவர் அங்கே இல்லை. ஒளியைப் பற்றியும் கோடுகளைப் பற்றியும் நுணுகிப் பேசும் கூட்டங்கள், ‘இவரிடம் கேட்டு எடுத்தீர்களா? இப்படம் அவர் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்?’ என்று கேட்கத் தவறிவிடுவதுண்டு. வறுமையையும் முதுமையையும் காட்டும் படங்களே போட்டிகளில் மிகுதியாக வந்து நிற்பதால் இக்கேள்வி தேவையாகிறது. நேர்மையான விமரிசனத்தில் இதற்கும் இடம் வேண்டும். அழகைப் பற்றிய கருத்துக்குப் பின்னிணைப்பாக அன்று, அதற்கு இணையாக.

ஸ்ட்ராண்டின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று 1916ஆம் ஆண்டில் நியூயார்க் தெருவில் எடுக்கப்பட்டது. பார்வையற்ற ஒரு பெண், ‘குருடு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் பெரிய எழுத்துகளில் எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நிற்கிறார். தெருவில் பொருள் விற்பதற்கு நகராட்சி வழங்கிய எண்ணிட்ட வில்லை அவர் உடையில் குத்தப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் தெருவில் கண்ட முகங்களை அவர்கள் அறியாமல் எடுப்பதற்காக ஸ்ட்ராண்ட் தம் கருவியின் பக்கவாட்டில் பளபளக்கும் போலி வில்லை ஒன்றைப் பொருத்தியிருந்தார். பார்ப்பவர்கள் கருவி வேறு திசையை நோக்குகிறது என்று எண்ணிக்கொள்வர். உண்மையான வில்லை அவர்களையே நோக்கியிருக்கும். தெரியாமல் எடுத்தால்தான் முகம் உள்ளபடி இருக்கும் என்பது அவர் கருத்து. ஏமாற்றிப் பெற்ற முகம் எடுத்தவருக்கு உரியதா என்ற வினாவும் அப்படத்தோடு நூறாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. ஸ்ட்ராண்டின் ஒளியமைப்பைப் பற்றியும் துணிவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. அட்டையில் உள்ள சொல் எல்லார் கண்ணிலும் படுகிறது. வில்லையின்மேல் எண் இருக்கிறது. படத்தின் தலைப்பில் அப்பெண்ணின் பெயர் இல்லை.